கால் பழகிய வழி

லீட்ஸ்: கிண்ணம் ஒரு பவுண்டு

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றில் எட்டு தக்காளி. அடுத்ததில் நாலு குடைமிளகாய். அதற்கடுத்ததில் ஒரு கைப்பிடி இஞ்சியும் பச்சை மிளகாயும். இப்படி வரிசையாக நாற்பது ஐம்பது கிண்ணம். எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு. தராசு கண்ணில் படவில்லை. கேட்டதும் கடைக்காரர் இடது கையால் பையின் வாயை விரித்து, வலது கையால் கிண்ணத்தை அப்படியே கவிழ்க்கிறார். ஒரு தக்காளிகூடச் சிந்தாது. காலிக் கிண்ணம் அதே வேகத்தில் கீழே போய், நிறைந்து மேலே வந்துவிடுகிறது.

இந்தக் கைவேகத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். திருச்சி காந்தி மார்க்கெட்டில் சாக்கு விரித்து உட்காரும் பாட்டிமார் கத்திரிக்காயைக் கூறு கட்டிவிட்டு, "கூறு இருவது, எடு தாயி" என்பார்கள். இங்கே சாக்குக்குப் பதில் கிண்ணம், தாயிக்குப் பதில் "லவ்". யார்க்‌ஷர் கடைக்காரர்கள் ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம்மூரில் "கண்ணு" என்பது போல.

மகள் லீட்ஸில் படிக்கிறாள். 2025 அக்டோபரில் அவளைப் பார்க்கக் கிளம்பியபோது அண்ணன் ஒரே ஒரு வேலை கொடுத்தார். "அங்க பழைய சந்தைய எடுத்துட்டுப் புதுசு கட்டுறாங்களாமே. பாத்துட்டு வா பாப்பா. மாத்தின பெறகு யாவாரம் நடக்குதான்னு நாலு பேரக் கேளு."

அண்ணன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. காந்தி மார்க்கெட்டில் அப்பா வைத்த காய்கறிக் கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று 77 கோடி ரூபாயில் மதுரை சாலையில் கள்ளிக்குடியில் ஒரு பெரிய சந்தை கட்டி 2017இல் திறந்தார்கள். கடைக்காரர்கள் போகவில்லை. ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் வாடிக்கையாளர் வரமாட்டார் என்றார்கள். கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. இப்போது பஞ்சப்பூரில், புதுப் பேருந்து முனையத்தை ஒட்டி, மறுபடி ஒரு சந்தை எழும்புகிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு இலையில் தினமும் பரிமாறப்படும் பேச்சு இது. ஆகவே கோட்டைகளையும் தேவாலயங்களையும் விட்டுவிட்டு நான் சந்தை சந்தையாகப் போனேன்.

லீட்ஸின் கர்க்கேட் மார்க்கெட் இடம் மாறாத சந்தை. 1857இல் அதற்கு முதல் கூரை எழுந்தது. முகப்புக் கூடம் 1904இல் கட்டியது: பூவேலை செய்த இரும்புத் தூண்கள், மேல்மாடத்தைத் தாங்கி நிற்கும் டிராகன்கள், கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் சாம்பல் வெளிச்சம். 1975 டிசம்பரில் தீப்பிடித்துப் பின்பக்கக் கூடங்கள் எரிந்துபோயின. எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். எதிரே 2016இல் பளபளவென்று ஒரு வணிக வளாகம் வந்தது. அதன் நிழலில்தான் இந்தக் கிண்ணக் கடைகள் நடக்கின்றன.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் பிறந்தது இந்தச் சந்தையில். 1884இல் மைக்கேல் மார்க்ஸ் என்ற யூதர், அன்றைய ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைக்க வந்தவர், இங்கே ஒரு மேடை போட்டு ஊசி, நூல், பொத்தான் விற்றார். ஆங்கிலம் சரியாக வராது. விலை கேட்க வேண்டாம், எல்லாம் ஒரு பென்னி என்று பலகை எழுதி வைத்துவிட்டார். பேரம் பேச மொழி இல்லாதவர் கண்ட வழி. அவர் நினைவாக அந்தப் பெயரில் ஒரு சின்னக் கடையும் கடிகாரமும் கூடத்துக்குள் இருக்கின்றன. கடிகாரத்துக்குக் கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். கிண்ணம் ஒரு பவுண்டு என்பதும் அதே கணக்குதான். 140 வருஷத்தில் பென்னி பவுண்டாகியிருக்கிறது.

பிராட்போர்ட்: வண்ணம் காயாத சந்தை

லீட்ஸிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம். ஒரு காலத்தில் உலகத்துக்கே கம்பளி நெய்த ஊர். பிராட்போர்ட் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தெருவில் நடந்தாலும் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு கடை நூறு அடி தள்ளிப் போவதுகூடப் பெரிய விஷயம். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இங்கே நடக்கும் சந்தைச் சண்டை புரியாது.

லீட்ஸில் போலவே கர்க்கேட் என்று ஒன்று, ஓஸ்ட்லர் என்று இன்னொன்று, இங்கே இரண்டு மூடுசந்தைகள் இருந்தன. இரண்டையும் மூடிவிட்டு, டார்லி தெருவில் ஒரே சந்தையாகக் கட்டி 2025 ஜூலையில் திறந்தார்கள். ஊர் அந்த வருஷம் பிரிட்டனின் பண்பாட்டு நகரமாகவும் இருந்ததால் தெருவெல்லாம் கொடி. புதுச் சந்தை நிற்கும் மனையில் முன்பு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெரிய கடை இருந்தது. அதாவது லீட்ஸ் சந்தை மேடையிலிருந்து எழுந்து கடைத்தெருவை ஆண்ட கடை எழுந்து போன இடத்தில், ஒரு சந்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் எனக்குச் சொன்னது ஒரு துணிக்கடைப் பெண்மணி. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிமிர்வு இருந்தது.

டார்லி தெரு ஏன் காலியானது என்பதும் ஒரு கதை. கீழே பள்ளத்தில் ஒரு பெரிய வணிக வளாகம் கட்டுவதற்காகக் கட்டடங்களை இடித்தார்கள். 2008 நிதி நெருக்கடியில் வேலை நின்றது. ஊர் நடுவே வருஷக்கணக்கில் ஒரு பெரும்பள்ளம். மக்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒருவழியாக 2015 நவம்பரில் பிராட்வே என்ற அந்த வளாகம் திறந்தபோது, பெயர் பெற்ற கடைகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிவிட்டன. மேட்டுத் தெரு வெறுமையானது. அங்கே ஆட்களைத் திரும்ப ஏற்றுவதற்குத்தான் இந்தச் சந்தை மருந்து.

உள்ளே எல்லாமே வெளிச்சம். காய்கறி, இறைச்சி, மீனுக்கு ஒரு தளம், துணிமணி சாமான்களுக்கு ஒரு தளம், சாப்பாட்டுக்கு ஒரு தளம். வடிகால் நாற்றம் இல்லை. தரையில் ஈரம் இல்லை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த ஓர் இளம்தாய், "லிஃப்ட் இருக்கு, சுத்தமான கழிப்பறை இருக்கு, குழந்தைக்குத் துணி மாத்த இடம் இருக்கு. எனக்கு வேற என்ன வேணும்?" என்றார். காந்தி மார்க்கெட்டில் நாள் முழுக்க உட்காரும் பெண்கள் ஒதுங்க இடம் தேடி அலைவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தாய் சொன்னதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேறு சொன்னார். மிர்பூரிலிருந்து அறுபதுகளில் கம்பளி ஆலைக்கு வந்தவர். "ஓஸ்ட்லர் சந்தை என் வீட்டுக்குப் போற வழியில் இருந்தது மகளே. தொழுகை முடிச்சு வந்தா, காலே அங்க திரும்பிடும். இங்க நான்தான் காலைத் திருப்பணும்." கொத்தமல்லியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். அந்தச் சொல் அன்று முழுக்க என்னோடு வந்தது.

ஓஸ்ட்லர் என்பது ஆலைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கப் போராடிய ரிச்சர்ட் ஓஸ்ட்லரின் பெயர். அந்தச் சந்தை இருந்த பகுதியில் இனி வீடுகள் வரப்போகின்றன. இந்த ஊர் சந்தைகளின் பழைய கணக்கும் சாதாரணமானதில்லை: நாடு முழுக்கக் கிளை பரப்பிய மாரிசன்ஸ் பல்பொருள் அங்காடி, 1899இல் இங்கே ராசன் மார்க்கெட்டில் முட்டையும் வெண்ணெயும் விற்ற ஒரு மேடை. சின்ன வாடகையில் ஒரு மேடை கிடைக்காமல் போயிருந்தால் அந்த நிறுவனம் இல்லை. புதுச் சந்தையில் வாடகை என்ன என்று மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேர் கிறிஸ்துமஸ் முடியட்டும், அப்போது சொல்கிறேன் என்றார்கள். மூன்றாமவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

மதியம் ஒரு பழைய சாப்பாட்டுக் கடையில் கறிக்குழம்பு. இந்த ஊர் வழக்கப்படி கூடவே மூன்று சப்பாத்தி, கரண்டி கிடையாது. ஆலை இரவு ஷிஃப்ட் முடித்து வந்த ஆண்களுக்காகத் தொடங்கிய கடைகள் இவை. பத்து நாளில் கையால் பிசைந்து, பக்கத்து மேசையைப் பார்க்காமல் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

பார்ன்ஸ்லி: ரயிலடியிலேயே

நிலக்கரி ஊர். சுரங்கங்கள் மூடிப் பல வருஷம் ஆகிறது. இந்த ஊர்ச் சந்தைக்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது 1249இல். மன்னர் மூன்றாம் ஹென்றி, பாண்டிஃப்ராக்ட் மடத்துத் துறவிகளுக்குக் கொடுத்தது.

ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே பேருந்து நிலையம். இரண்டும் ஒரே கட்டடம். வெளியே வந்து கண்ணை ஓட்டும்போதே சந்தை. நான் வழி கேட்கவே இல்லை. 2018இல் புதுக் கூடத்தைத் திறந்தார்கள். அதைச் சுற்றி நூலகம், சதுக்கம், கடைகள், திரையரங்கு என்று அடுத்த சில வருஷங்களில் வேலையை முடித்தார்கள். கிளாஸ் ஒர்க்ஸ் என்று பெயர். இந்த ஊரில் கண்ணாடித் தொழிலும் இருந்ததன் நினைவு. முக்கியமானது, சந்தை இருந்த இடத்தைச் சுற்றித்தான் புது ஊர்நடுவைக் கட்டியிருக்கிறார்கள். சந்தையைத் தூக்கிப் போய் வேறெங்கோ வைக்கவில்லை.

இறைச்சிக் கடையில் பார்ன்ஸ்லி சாப் கேட்டேன். சமைக்க எனக்கு அடுப்பு இல்லை, வெட்டுவதைப் பார்க்கத்தான் ஆசை என்று உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, ஆட்டின் இடுப்புப் பகுதியை முதுகெலும்போடு குறுக்கே வைத்தார். பிளக்காமல், நடுவில் எலும்பும் இரண்டு பக்கமும் கறியுமாக, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்த மாதிரி ஒரு துண்டு. ரெண்டு விரல் தடிமன். "ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும்" என்றார். அடுத்து நின்ற பெண் அதையே வாங்கிக்கொண்டார், மகனுக்குப் பிறந்தநாளாம்.

மேலே சாப்பாட்டுப் பகுதியில் பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை', கூடவே குழைய வெந்த பட்டாணியும் புதினாச் சாறும். எதிரே ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. இவ்வளவு செலவு சரிதானா என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியே தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த நகர மன்றக் கோபுரத்தைக் காட்டினார். அதைக் கட்டியபோதும் இதே கேள்வி வந்தது என்றார். வந்தது உண்மை, 1937இல் வெளிவந்த தன் புத்தகம் ஒன்றில் ஜார்ஜ் ஆர்வெல், வீடில்லாதவர்கள் இருக்கும் ஊரில் மன்றத்துக்கு ஒன்றரை லட்சம் பவுண்டா என்று பார்ன்ஸ்லியைக் குறை சொல்லியிருக்கிறார். "மன்றத்துக்குள்ள நான் வாழ்க்கையில ரெண்டு தடவை போயிருப்பேன். இங்க வாரத்துக்கு மூணு தடவை வர்றேன்" என்றார் பெரியவர்.

ஷெஃபீல்ட்: மூர்

மூர் தெரு அகலமாகவும் நேராகவும் இருக்கிறது. அந்த அகலத்துக்குக் காரணம் குண்டு. 1940 டிசம்பரில் இரண்டு இரவுகள் ஜெர்மன் விமானங்கள் எஃகு நகரமான ஷெஃபீல்டைத் தாக்கின. மூர் தெருவின் கடைகள் எரிந்து தரைமட்டமாயின. ஐம்பதுகளில் வெள்ளைக் கல் முகப்போடு திரும்பக் கட்டியதுதான் இன்று பார்ப்பது. பழைய காசில் மார்க்கெட்டுக்குப் பதிலாக இந்தத் தெருவில் 2013 நவம்பரில் மூர் மார்க்கெட் திறந்தது. 1.8 கோடி பவுண்டு செலவு. ஏறக்குறைய 200 மேடைகள். வளைந்த மர உத்திரங்கள் தாங்கும் கூரை. படகைக் கவிழ்த்து உள்ளிருந்து பார்ப்பது போல இருக்கிறது.

பிராட்போர்டில் கேட்ட கேள்விக்கு இங்கே 12 வருஷத்து விடை இருக்கிறது என்பதால் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன்.

மீன் கடையில் நின்றேன். பனிக்கட்டிப் படுக்கையில் காட், ஹேடாக், கானாங்கெளுத்தி. வாடிக்கைக்காரர் ஒருவருக்கு ஹேடாக் துண்டுகளைச் சுற்றிய கடைக்காரர், கடைசியில் ஒரு புகைபோட்ட ஹெர்ரிங்கையும் எடுத்துக் கேட்காமலே பொட்டலத்தில் செருகினார். கொசுறு. எங்கள் அப்பா கறிவேப்பிலையையும் ரெண்டு பச்சை மிளகாயையும் இப்படித்தான் பைக்குள் போடுவார். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டார். அந்த வாடிக்கைக்காரர் போனதும் கேட்டேன்: இடம் மாறியதில் நஷ்டமா, லாபமா?

"முதல் ரெண்டு வருஷம் கஷ்டம். பழைய ஆட்கள்ல பாதிப் பேரைக் காணோம். சில கடைக்காரங்க தாக்குப்பிடிக்கல. அப்புறம் மாணவர்கள் வந்தாங்க, சீனர்கள் வந்தாங்க. தலையோட மீன் கேக்குறாங்க. எங்க அப்பா தலையைத் தூக்கி எறிவாரு; நான் விக்கிறேன்." கத்தியைத் துடைத்தார். "இது நல்ல கட்டடம். குளிர்காலத்துல என் கை விறைக்கிறதில்ல. ஆனா காசில் மார்க்கெட்டுக்கு வந்த ஜனங்க வேற, இங்க வர்ற ஜனங்க வேற. ஜனங்கள யாரும் மாத்திக்கொண்டு வரல. கடைகளத்தான் கொண்டு வந்தாங்க."

டீக்கடை மேசையில் இரண்டு மூதாட்டிகள். ஒருவர் பைக்லெட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஆப்பத்துக்கும் அடைக்கும் நடுவே, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும் தட்டையான அப்பம் அது. நான் பட்டாணியோடு ஒரு கறிப் பை வாங்கியிருந்தேன். அவர்கள் ஆரஞ்சு லேபிள் ஒட்டிய பாட்டிலை என் பக்கம் தள்ளினார்கள். ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ், 1885இலிருந்து இந்த ஊர்ச் சரக்கு. நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. பாட்டிலைத் திருப்பிப் படித்தேன்: வினிகர், கிராம்பு, பூண்டு, புளி. அந்தப் புளி எங்கள் நாட்டு மரத்துக் காய் என்றேன். அவர்களுக்கு அது புதுச் செய்தி. எண்பது வருஷமாக ஊற்றிச் சாப்பிடும் பொருளின் மரம் எப்படி இருக்கும், எவ்வளவு நிழல் விழும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்த ஒரு பாட்டிலால் நாங்கள் பேச்சுத் துணையாகிவிட்டோம்.

ஒருவருக்கு மூர் மார்க்கெட் பிடித்திருந்தது. வீடு தெற்குப் பக்கம். பஸ் இங்கேயே நிற்கும். காசில் மார்க்கெட் அழுக்கு, கூரை ஒழுகும், படிக்கட்டும் சரிவுமாக ஏறி இறங்கி முட்டி போய்விடும் என்றார். மற்றவர் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அழுக்குதான். ஆனா மாட்டுக் குடல் வினிகரோட அங்கதான் கிடைக்கும். கறிக்கடை மிச்சத்த வாரக் கடைசியில அடிமாட்டு விலைக்குக் கொடுப்பாங்க. நாலு பிள்ளைங்கள அதுலதான் வளர்த்தேன்." அவர் வீடு நகரின் வடகிழக்கில், பர்ன்கிரீவில். காசில் மார்க்கெட் அந்தப் பக்கத்து ஏழை வீடுகளின் சந்தை. பஸ் அதன் வாசலில் இறக்கிவிடும்.

இப்போது எப்படி வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதே ஸ்டாப்புலதான் இறங்குறேன், கண்ணு. அங்கிருந்து நடந்து வர்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஹேமார்க்கெட்டுக்கு வா, காட்டுறேன்."

ஷெஃபீல்ட்: காசில்கேட்டிலிருந்து

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். காசில்கேட்டில், காசில் மார்க்கெட் இருந்த இடம் சரிவான வெட்டவெளி. வேலி போட்டுப் பூங்கா வேலை நடந்துகொண்டிருந்தது. அடியில் புதைந்திருப்பது ஷெஃபீல்ட் கோட்டை. ஸ்காட்லாந்தின் மேரி அரசி, 1570இலிருந்து 1584 வரை இந்தக் கோட்டையிலும் பக்கத்து மாளிகையிலும்தான் கைதியாக இருந்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கோட்டையை இடித்தார்கள். அதன்மேல் காலப்போக்கில் சந்தைகள் வந்தன. ஊருக்குப் பெயர் கொடுத்த ஷீஃப் ஆறும் இங்கேதான், கான்கிரீட்டுக்கு அடியில், டான் ஆற்றோடு கலந்தது. மூடியிருந்த ஆற்றை இப்போது திறக்கிறார்கள். உய்யக்கொண்டான் வாய்க்காலைக் குப்பையால் மூடிவிட்ட திருச்சிக்காரிக்கு, ஆற்றைத் திறப்பதற்காக ஒரு நகரம் காசு செலவழிப்பதைப் பார்க்கத் தொண்டை அடைத்தது.

தாமஸ் டி ஃபர்னிவல் என்ற பிரபு, மன்னர் முதலாம் எட்வர்டிடம் சந்தைப் பட்டயம் வாங்கியது 1296இல். 2013 வரை ஊர்ச் சந்தை இந்தக் கோட்டை மேட்டைச் சுற்றித்தான் இருந்தது. 717 வருஷம். எத்தனை தலைமுறைக் கால்கள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பர்ன்கிரீவ் மூதாட்டி பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒருநாள் பழக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் நாலு சக்கரத் துணிப்பை வண்டி. "உனக்காகச் சீக்கிரம் நடக்க மாட்டேன்" என்றார்.

காசில் ஸ்குவேரில் நின்றார். இங்கே 1967இல் சாலைக்கு அடியில் வட்டமாக ஒரு நடைபாதை கட்டியிருந்தார்களாம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சாலை ஓட்டை. சுவரில் ஒரு மீன் தொட்டி. சந்தைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகர மறுப்பார்கள். 1994இல் டிராம் வருவதற்காக மூடிவிட்டார்கள். இப்போது டிராம் மணியடித்துக்கொண்டு எங்கள் முன்னால் போயிற்று. மெடோஹால் போகும் டிராம். மெடோஹால் என்பது எஃகு ஆலை இருந்த மனையில் 1990இல் திறந்த பெரும் வணிக வளாகம். கார் நிறுத்தக் காசில்லை, மழை இல்லை. நகர நடுவின் கடைகள் நலிந்ததற்கு ஊரே கை நீட்டுவது அந்தத் திசையில்தான். அங்கே போனதுண்டா என்று கேட்டேன். பேத்தி கூட்டிப் போவாள், எல்லாம் இருக்கிறது, உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லை என்றார்.

ஹை ஸ்ட்ரீட் ஏற்றம். ஏற்றம் முடியும் இடத்தில், ஃபார்கேட் திருப்பத்தில், மூச்சு வாங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர் மூலையைக் காட்டினார். கோல்ஸ் கார்னர். கோல் சகோதரர்களின் பெரிய ஜவுளிக் கடை அந்த மூலையில் இருந்தது. இளசுகள் சந்திக்கிற இடம். 1962இல் அவருடைய கணவர் அங்கே முக்கால் மணி நேரம் மழையில் காத்திருந்தாராம். அடுத்த வருஷம் கடை பார்க்கர்ஸ் பூலுக்கு மாறிற்று. பிறகு ஜான் லூயிஸ் என்று பெயர் மாறி, 2021இல் மூடிவிட்டது. மூர் தெருவின் டெபன்ஹாம்ஸும் அதே வருஷம் போயிற்று. அவர் இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. இறந்துபோன சொந்தக்காரர்களின் வரிசையைச் சொல்கிற நிதானத்தில் சொன்னார்.

ஃபார்கேட்டைத் தாண்டினால் நகர மன்றம், பக்கத்தில் பீஸ் கார்டன்ஸ். நீரூற்றுகளுக்கு எதிரே இரண்டாவது உட்காரல். முன்பு இங்கே பின்ஸ்டன் தெருவில் பஸ்கள் வரிசையாக நிற்கும். இப்போது பஸ் கிடையாது, செடிகளும் நடைபாதையும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கூட்டம் காபிக் கோப்பையோடு நடக்கிறது. நகர நடுவைச் சுற்றி ஓர் இலவச மின்பேருந்து ஓடுகிறதே என்றேன். ஓடுகிறது, ஆனால் பர்ன்கிரீவ் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னொன்றுக்குக் குளிரில் நிற்பதற்கு நடப்பதே மேல் என்றார். கொஞ்சம் தள்ளி, கத்தி செய்யும் சின்னப் பட்டறைக்காரர்களின் பழைய முற்றம் ஒன்றைப் புதுப்பித்துக் கடைகள் ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் பெரிய உணவுக்கூடம். இரண்டும் 2024இல் திறந்தவை. அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தாராம். அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் மூர் மார்க்கெட்டில் மூன்று நாள் கறி வாங்கலாம் என்று கணக்குச் சொன்னார்.

எனக்கு இந்த நகரத்தின் மேல் கோபம் வரவில்லை. மூர் மார்க்கெட் நல்ல மார்க்கெட். கட்டியவர்கள் கூரையை யோசித்திருக்கிறார்கள், வெளிச்சத்தை யோசித்திருக்கிறார்கள், மீன்காரரின் விரல்களைக்கூட யோசித்திருக்கிறார்கள். பர்ன்கிரீவிலிருந்து வரும் இந்தச் சக்கர வண்டியை யோசித்திருந்தால் பஸ்ஸையும் சந்தையோடு சேர்த்து நகர்த்தியிருப்பார்கள். பார்ன்ஸ்லியில் நான் வழி கேட்காமல் சந்தைக்குள் போனது நினைவுக்கு வந்தது.

மூர் தெரு தொடங்கும் இடத்தில் வண்டியின் ஒரு சக்கரம் கல் இடுக்கில் சிக்கியது. குனிந்து எடுத்துவிட்டேன். மார்க்கெட் கதவு தானாகத் திறந்தது. உள்ளே போனதும் அவர் கையை விடுவித்துக்கொண்டு நேராக மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைக் கண்டதும் ஹேடாக் துண்டுகளை எடுத்து வைத்துச் சுற்றத் தொடங்கினார். எவ்வளவு என்று அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை.

நான் கதவோரம் நின்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். பழைய சந்தை ஸ்டாப்பிலிருந்து புதுச் சந்தை வாசல் வரை முப்பத்தொரு நிமிஷம். நடுவில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்தோம்.

அண்ணன் உடனே கேட்டிருந்தார்: "அந்தம்மாவுக்கு வயசு என்ன?"